கட்டிக்குப் போகும் இரத்தத்தை மறிக்க நினைத்த வைத்தியர்

எமது வீடுகளில் புற்றுநோயின் பெயரை உரத்துச் சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை. அந்த வருத்தம் என்றுதான் சொல்வோம். ஊருக்குத் தொலைபேசியில் கதைக்கும்போது அதைக்கூடச் சொல்வதில்லை. உடம்பு கொஞ்சம் சரியில்லை என்று முடித்துக்கொள்வோம். எமது அக்காவுக்குப் பெருங்குடலில் கட்டி வந்து, அது ஈரலுக்கும் பரவிவிட்டது என்று இங்கே கனடாவில் வைத்தியர்கள் சொன்னபோது நாமும் அப்படித்தான் நடந்துகொண்டோம்.

வழமையான மருந்தோடு இன்னொரு மருந்தையும் சேர்த்து ஏற்றலாம் என்று வைத்தியர் சொன்னார். அந்த மருந்து கட்டியை நேரே கொல்லாது. கட்டி தனக்கென்று புதிய இரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்வதைத்தான் தடுக்கும் என்று விளக்கினார். நாம் வர்த்தகப் பட்டம் படித்தவர்கள். அகதியாக வந்த நாட்டில் மற்றவர்களுடைய கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்துப் பிழைப்பவர்கள். விஞ்ஞானம் எமக்குச் சாதாரண தரத்தோடு முடிந்துபோனது. ஆனாலும் இந்த யோசனை யாருடையது, அது மருந்தாக வர எத்தனை வருடம் எடுத்தது, அதனால் வந்த வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தேடாமல் இருக்க முடியவில்லை. அப்படித் தேடியபோது அறிமுகமானவர்தான் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன்.

ஃபோக்மன் 1933 பெப்ரவரி 24 ஆம் திகதி ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லன்ட் நகரில் பிறந்தார். தந்தை ஒரு ராபி, அதாவது யூத மதகுரு. நோயாளர்களைப் பார்த்து ஆறுதல் சொல்லி, அவர்களுக்காகப் பிரார்த்திக்கத் தந்தை வைத்தியசாலைக்குப் போகும்போது சிறுவனான மகனையும் கூட்டிக்கொண்டு போவார். அந்த நாட்களில் மூச்சுத்திணறும் நோயாளரை ஒட்சிசன் கூடாரத்துக்குள் படுக்கவைத்திருப்பார்கள். தந்தை கூடாரத்துக்கு வெளியே நின்று பிரார்த்திப்பார். வைத்தியர்களோ கூடாரத்தைத் திறந்து உள்ளே கைவைத்து ஏதாவது செய்வார்கள். அந்த வித்தியாசம் சிறுவனின் மனதில் பதிந்தது. தான் வைத்தியராக வரப்போவதாகத் தந்தையிடம் சொன்னான். குடும்பத் தொழிலை விட்டுப் போகிறானே என்று தந்தை கோபிக்கவில்லை. வைத்தியரானாலும் ஒரு ராபியைப் போன்ற வைத்தியராக இரு என்ற கருத்தில் புத்தி சொல்லி விட்டுவிட்டார். பிற்காலத்தில் ஃபோக்மனை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்வது, முன்பின் தெரியாத நோயாளரின் தொலைபேசி அழைப்புக்கும் தானே திருப்பிப் பேசுகிறவர் என்பதைத்தான். தந்தையின் சொல் வீண்போகவில்லை.

படிப்பில் கெட்டிக்காரர். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருக்கும்போதே சத்திரசிகிச்சை ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். 1957 இல் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவந்தார். அங்கே மாணவராக இருந்த காலத்திலேயே, உடலுக்குள் வைக்கக்கூடிய ஆரம்பகால பேஸ்மேக்கர் கருவிகளில் ஒன்றை உருவாக்கியிருந்தார். பிறகு பொஸ்டன் நகரின் மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைப் பயிற்சி.

அந்தப் பயிற்சியின் இடையில் 1960 முதல் இரண்டு வருடங்கள் கடற்படைச் சேவைக்கு அழைக்கப்பட்டார். வோஷிங்டனுக்கு அருகே பெதஸ்டாவில் இருந்த கடற்படை மருத்துவ நிலையத்தில் அவருக்கு வேலை. மாதக்கணக்காகக் கடலில் நிற்கும் கப்பல்களில் இரத்தத்தைச் சேமித்து வைப்பது கடினம். ஆகவே இரத்தத்துக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய ஒரு திரவத்தைக் கடற்படை தேடியது. ஃபோக்மனும் அவரது சகா ஃபிரெடரிக் பெக்கரும் ஈமோகுளோபின் கரைசல் ஒன்றைத் தயாரித்தார்கள். அது ஓர் உறுப்பை உயிரோடு வைத்திருக்குமா என்று அறிய, முயலின் தைரொயிட் சுரப்பியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து அந்தக் கரைசலைச் செலுத்தினார்கள். சுரப்பி உயிரோடு இருந்தது. அதில் எதையாவது வளர்க்க முடியுமா என்று பார்க்கச் சுண்டெலியின் புற்றுநோய்க் கலங்களை வைத்தார்கள். அவை வளர்ந்தன, ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு வந்ததும் எல்லாமே நின்றுவிட்டன.

கட்டி இறந்துபோகவில்லை. அதே சிறு கட்டிகளை எடுத்து உயிருள்ள சுண்டெலியின் உடலில் வைத்தபோது பெரிதாக வளர்ந்தன. கண்ணாடிப் பாத்திரத்தில் இல்லாதது எது, எலியின் உடலில் இருந்தது எது என்று பார்த்தால், எலியில் கட்டிக்குள் புதிய இரத்தக்குழாய்கள் நுழைந்திருந்தன, பாத்திரத்தில் நுழையவில்லை. கணக்காளர் ஒருவர் இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் பொருந்தாத இடத்தில் நின்று யோசிப்பதைப்போல, இந்த வித்தியாசத்தில்தான் ஃபோக்மன் நின்றுவிட்டார். மீதி வாழ்நாள் முழுவதும் அங்கேதான் நின்றார்.

கடற்படையில் இருந்த அதே காலத்தில் டேவிட் லோங் என்பவரோடு சேர்ந்து இன்னொன்றையும் கண்டார். சிலிக்கன் இறப்பர் குழாய்க்குள் மருந்தை அடைத்து உடலில் வைத்தால், அது சிறிது சிறிதாக நீண்ட காலம் கசிந்துகொண்டிருக்கும். பின்னாளில் பெண்களின் கையில் தோலுக்குக் கீழ் வைக்கும் நோர்பிளான்ட் கருத்தடை முறைக்கு இதுவே அடிப்படை. இதற்காக அவர் காப்புரிமைப் பணம் தேடவில்லை.

1967 இல், 34 வயதில், பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் தலைவரானார். அந்த வயதில் அப்படியொரு பதவி யாருக்கும் இலகுவில் கிடைப்பதில்லை. குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்து, மாணவர்களுக்குக் கற்பித்து, நிம்மதியாக ஓய்வுபெற்றிருக்கலாம். ஆனால் 1971 நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் சொன்னவை மூன்று. ஒன்று, புதிய இரத்தக்குழாய் கிடைக்காத கட்டி சில மில்லிமீற்றருக்கு மேல் வளராது. இரண்டு, கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, அருகிலுள்ள இரத்தக்குழாய்களைத் தன் பக்கம் கிளைவிடச் சொல்லி அழைக்கிறது. மூன்று, அந்த அழைப்பை மறித்தால் கட்டியைச் சிறிதாகவே வைத்திருக்கலாம்.

இன்றைக்கு இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கு இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். கட்டியைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்கள் வெறும் அழற்சியால் வந்தவை என்பதே அக்காலத்து நம்பிக்கை. சத்திரசிகிச்சை செய்கிறவருக்கு ஆராய்ச்சி எதற்கு என்ற ஏளனமும் இருந்தது. ஃபோக்மனுடைய பதில் எளிமையானது. ஆய்வுகூட விஞ்ஞானிகள் கட்டியை உடலிலிருந்து வெட்டி எடுத்து, இரத்தம் வடிந்து வெளுத்த பிறகே பார்க்கிறார்கள். சத்திரசிகிச்சை நிபுணரோ உடலுக்குள் அது சிவந்து, சூடாக, இரத்தம் கொட்டக் கொட்ட இருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். ஆனாலும் ஆராய்ச்சிப் பணத்துக்கான விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. மாநாடுகளில் அவர் பேச எழுந்ததும் சபையில் ஒரு பகுதியினர் எழுந்து வெளியே போய்விடுவார்களாம்.

அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, சோதித்துக்கொண்டிருந்தார். முயலின் கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலத்தில் இரத்தக்குழாய் கிடையாது. அங்கே ஒரு துளிக் கட்டியை வைத்தால், ஓரத்திலிருந்து இரத்தக்குழாய்கள் கட்டியை நோக்கி வளர்ந்து வருவது கண்ணுக்கே தெரிந்தது. அதே கண்ணுக்குள் இருக்கும் நீரில் மிதக்கவிட்ட கட்டி, குழாய் எட்டாதபடியால் சிறிதாகவே கிடந்தது. அதைக் குழாய்கள் நிறைந்த பகுதியில் ஒட்டவைத்தால் விரைவாகப் பெருத்தது. கட்டி ஒன்றுதான், இடம்தான் வேறு.

பணம் வேண்டுமே. 1974 இல் மொன்சான்டோ என்ற இரசாயனக் கம்பனி, ஹாவார்டுடன் 12 வருட ஒப்பந்தம் செய்து, ஃபோக்மனுடைய ஆராய்ச்சிக்கும் இன்னொரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்குமாக ஏறத்தாழ 23 மில்லியன் டொலர் கொடுக்க முன்வந்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குத் தனியார் கம்பனி இவ்வளவு தொகை கொடுப்பது அன்று புதிது. கல்வியை விற்கிறார்கள் என்று சக பேராசிரியர்களே குறைசொன்னார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்றே எமக்குப் படுகிறது. ஆனால் அந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சி பாதியில் நின்றிருக்கும். 1981 இல் சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைமைப் பதவியை விட்டு, முழுநேரமும் ஆய்வுகூடத்துக்கே போனார். 48 வயதில், எல்லோரும் மதிக்கும் நாற்காலியை விட்டு, பலர் நம்பாத ஒரு யோசனையின் பின்னால் போவதென்பது சின்ன விடயமல்ல. பாதி வாழ்க்கையில் உத்தியோகத்தையும் மதிப்பையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கிய எம்மவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. எங்களைத் துரத்தினார்கள், அவர் தானாகவே போனார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மெல்ல மெல்ல விடைகள் வந்தன. 1984 இல் அவரது ஆய்வுகூடத்தின் மைக்கல் கிளாக்ஸ்பேர்ன், யுவென் ஷிங் ஆகியோர், கட்டி சுரக்கும் அழைப்புப் பொருட்களில் ஒன்றை முதன்முதலாகத் தூய்மைப்படுத்தி எடுத்தார்கள். ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான பொருளைக் கண்டவர்கள் வேறு இடத்தவர்கள். ஹாவார்டின் ஹரல்ட் டுவோராக் 1983 இல் அதன் ஒரு முகத்தைக் கண்டார். கலிபோர்னியாவின் ஜெனென்டெக் கம்பனியில் வேலை செய்த இத்தாலியரான நப்போலியோனே ஃபெராரா 1989 இல் அதைப் பிரித்தெடுத்தார். அதற்கு விஈஜிஎஃப் என்று பெயர். இரத்தக்குழாயின் உட்சுவர்க் கலங்களை வளரச் செய்யும் சுரப்பு அது.

ஃபோக்மனிடம் வேலை பழகியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1974 இல் ரொபர்ட் லாங்கர் என்ற இளம் இரசாயனப் பொறியியலாளர் வந்து சேர்ந்தார். குருத்தெலும்பில் இரத்தக்குழாய் இல்லை. ஆகவே குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஏதோவொன்று அதில் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில், இறைச்சிக்கூடங்களிலிருந்து கன்றுக்குட்டி எலும்புகளைக் கொண்டுவந்து சோதித்தார்கள். பின்னாளில் மொடேர்னா கம்பனியைத் தொடக்கியவர்களில் ஒருவர் இதே லாங்கர்தான்.

ஆனால் இந்தக் குருத்தெலும்பு ஆராய்ச்சிக்கு ஒரு கள்ளப் பிள்ளையும் பிறந்தது. சுறாவின் குருத்தெலும்பிலும் அப்படியொரு தடுப்புப் பொருள் இருப்பதாக லாங்கர் 1983 இல் எழுதினார். 1990 களில் வியாபாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்று சொல்லிச் சுறா எலும்புத்தூள் குளிகைகளை விற்றார்கள். சுறாவுக்கும் புற்றுநோய் வரும் என்பதே உண்மை. முறையாக நடந்த சிகிச்சைப் பரிசோதனைகளில் அந்தத் தூளால் நோயாளருக்குப் பயன் எதுவும் தெரியவில்லை. அக்காவின் அலுமாரியிலும் அப்படி ஒரு போத்தல் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் அன்போடு வாங்கிக் கொடுத்தது. விலைச்சீட்டைப் பார்த்து நாம் பேசாமல் இருந்துவிட்டோம். பேசியிருக்கவேண்டும்.

1990 களில் ஃபோக்மனின் ஆய்வுகூடத்தில் மைக்கல் ஓரைலி என்ற இளம் வைத்தியர் வேலை செய்தார். பெரிய கட்டியை வெட்டி எடுத்த சில மாதங்களில் வேறிடங்களில் சிறு கட்டிகள் முளைப்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் நெடுங்காலமாகக் கண்டிருந்தார்கள். பெரிய கட்டியே ஏதோ ஒரு தடுப்புப் பொருளையும் சுரந்து, சின்னவற்றை அடக்கி வைத்திருக்கிறதோ என்று ஃபோக்மன் சந்தேகித்தார். ஓரைலி சுண்டெலிகளின் சிறுநீரை லீற்றர் கணக்கில் சேர்த்து வடித்துத் தேடினார். 1994 இல் அஞ்சியோஸ்டட்டின், 1997 இல் எண்டோஸ்டட்டின் என்ற இரண்டு பொருட்கள் வெளிவந்தன. எலிகளில் கட்டிகள் சுருங்கிப்போயின.

இனி வருவது எமது தொழிலோடு தொடர்புள்ள கதை. 1998 மே 3 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை இந்த இரண்டு மருந்துகளையும் பற்றி முதற்பக்கத்தில் எழுதியது. அவற்றை உற்பத்தி செய்யும் உரிமை என்ட்ரிமெட் என்ற சிறு கம்பனியிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை 12 டொலர் அளவில் நின்ற அதன் பங்கு, திங்கட்கிழமை காலை 85 டொலரில் தொடங்கி, 50 டொலருக்குச் சற்று மேலே முடிந்தது. வைத்தியசாலைக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. எல்லாம் சாகக்கிடக்கிறவர்களின் குடும்பங்கள். ஃபோக்மன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இப்போதைக்கு எலிக்குப் புற்றுநோய் வந்தால் சுகப்படுத்தலாம், அதற்கு மேல் எதுவும் சொல்லமுடியாது.

வேடிக்கை என்னவென்றால் அந்தச் செய்தியில் புதிதாக எதுவும் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்பே, 1997 நவம்பரில், அது நேச்சர் சஞ்சிகையில் வந்திருந்தது. அதே பத்திரிகையும் உட்பக்கத்தில் வெளியிட்டிருந்தது. ஹூபர்மன், ரெகெவ் என்ற இரண்டு நிதியியல் அறிஞர்கள் இதை வைத்தே 2001 இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். புதிய தகவல் இல்லாமலேயே, பெரிய எழுத்தில் வந்த காரணத்தால் மட்டும் ஒரு கம்பனியின் விலை ஏறி நிற்கும் என்பதற்கு நிதியியலில் இன்றும் காட்டும் உதாரணம் இது. பங்கு வாங்கியவர்கள் பணத்தை வைத்து விளையாடினார்கள். தொலைபேசி எடுத்தவர்களிடம் இருந்தது பணமல்ல.

மனிதரில் அந்த மருந்துகள் எலியில் காட்டியதைக் காட்டவில்லை. 1999 இல் எண்டோஸ்டட்டின் பரிசோதனை தொடங்கியது. பெரிய தீங்கு இல்லை. பெரிய பயனும் இல்லை. சில வருடங்களில் கம்பனி கைவிட்டது. சீனாவில் மட்டும் அதன் மாற்றப்பட்ட வடிவம் ஒன்று 2005 இல் அனுமதி பெற்றது.

வெற்றி வந்தது மற்ற வழியால். ஃபெராராவின் குழு விஈஜிஎஃப் சுரப்பைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு பிறபொருளெதிரியை உருவாக்கியது. அதுதான் பெவசிசுமாப், வியாபாரப் பெயர் அவாஸ்டின். பரவிய பெருங்குடல் புற்றுநோய் உள்ள 813 பேரிடம் சோதித்தார்கள். வழமையான மருந்து மட்டும் பெற்றவர்களின் வாழ்நாள் இடைநிலை 15.6 மாதம், அவாஸ்டினும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.3 மாதம். 2004 பெப்ரவரி 26 ஆம் திகதி அமெரிக்க அரசு அனுமதித்தது. ஃபோக்மனுக்கு 71 வயது நிறைந்து இரண்டு நாட்கள். கட்டுரை எழுதி 32 வருடங்கள்.

32 வருடத்துக்கு 4.7 மாதமா என்று கேட்கத் தோன்றும். நாமும் கேட்டோம். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்கு முன்னும் பாதிப்பேர் அதற்குப் பின்னும் என்பதுதான். ஒவ்வொருவருக்கும் 4.7 மாதம் அளந்து கொடுப்பதில்லை. சிலருக்கு ஒன்றுமே கிடைக்காது; சிலருக்கு வருடங்கள் கிடைக்கும். செலவுப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. இரத்த அழுத்தம் ஏறலாம், இரத்தம் கசியலாம், அரிதாகக் குடலில் துளை விழலாம், காயம் ஆறத் தாமதிக்கும். அதனால்தான் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் இந்த மருந்தை நிறுத்தி வைப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு 2008 இல் கொடுத்த அனுமதியை, பயன் போதாது, ஆபத்து கூட என்று கண்டு, 2011 இல் அமெரிக்க அரசு திரும்பப் பெற்றது. கட்டிக்கு ஒரு வழியை அடைத்தால் அது வேறு சுரப்புகளைக் கொண்டு இன்னொரு வழியைத் திறந்துகொள்கிறது என்பதும் பிறகுதான் தெரியவந்தது. ஃபோக்மன் எதிர்பார்த்ததைவிடக் கட்டி தந்திரமானது.

ஆனால் அவருடைய கணக்கில் அதிக வரவு வந்தது கண்ணில்தான். வயோதிபத்தால் விழித்திரையின் பின்னால் குழாய்கள் கண்டபடி வளர்ந்து கசியும் நோய்க்கும், சீனி வருத்தத்தால் விழித்திரை வீங்குவதற்கும் இதே விஈஜிஎஃப் காரணமாக இருக்கிறது. கண்ணில் இந்தச் சுரப்பின் பங்கை ஆராய்ந்த பொஸ்டன் கண் வைத்தியர்களோடு ஃபோக்மனும் சேர்ந்து வேலை செய்தார். 2006 இல் லுசென்டிஸ் என்ற கண் ஊசி அனுமதி பெற்றது. குருடாகவேண்டிய எத்தனையோ பேர் அந்த ஊசியால் இன்று வாசிக்கிறார்கள். சீனி வருத்தம் இல்லாத வீடு எம்மிடையே குறைவு. ஆகவே இது எங்கள் வீட்டு விடயமும்தான்.

2008 ஜனவரி 14 ஆம் திகதி, தைப்பொங்கல் சமயம், வன்கூவரில் நடந்த ஒரு விஞ்ஞான மாநாட்டில் பேசுவதற்காகப் போய்க்கொண்டிருந்த ஃபோக்மன், டென்வர் விமான நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 74. நோபல் பரிசு கிடைக்கவில்லை. மனைவி போலாவும் இரண்டு மகள்மாரும் இருந்தார்கள். அவர் கைபிடித்துப் பழக்கிய ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் பரவியிருந்தார்கள்.

எமது அக்கா அந்த மருந்தை ஏற்றிக்கொண்டார். ஊரிலிருந்து அம்மா வர விசாவுக்கு விண்ணப்பித்து ஒருமுறை மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை கிடைக்கும்வரை அக்கா இருந்தார். அம்மா வந்து ஏழு வாரம் அவருக்குப் பக்கத்தில் படுத்தார். அந்த ஏழு வாரமும் அந்த மருந்தால் வந்ததா, வழமையான மருந்தால் வந்ததா, அக்காவின் உடம்பின் பலமா என்று ஒருவராலும் பிரித்துச் சொல்லமுடியாது. 813 பேரின் கணக்கிலிருந்து ஒருவரின் கணக்கை எழுத முடியாது. அதனால் அதை எந்தப் பெயரிலும் வரவு வைக்காமல் விட்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இந்த மருந்தைச் சொன்னால், வெட்கப்படாமல் கேளுங்கள். எந்த மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறீர்கள், இந்த வகைக் கட்டிக்கு இது என்ன செய்திருக்கிறது, சத்திரசிகிச்சை ஏதும் வரவிருக்கிறதா, இரத்த அழுத்தத்தை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம்; பிள்ளை அம்மாவிடம் மாதக்கணக்கைச் சொல்லமாட்டாது.

அம்மா பிறகு எம்மோடே தங்கிவிட்டார். அவருக்குச் சீனி வருத்தம் இருபது வருடமாக. இப்போது சில வாரங்களுக்கு ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போடக் கூட்டிக்கொண்டு போகிறோம். முதல்முறை பயந்து எமது கையை இறுக்கிப் பிடித்தார். இப்போது பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து, கண் தெளிந்த அடுத்தநாள், அக்காவின் படத்துக்கு முன்னால் விளக்கைத் தானே கொளுத்துவார்.